சாமுராயின் முகமும் கம்மந்தானின் பெயரும்

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் நம் வீடுகளுக்கு முற்றிலும் புதியவை அல்ல. நாட்காட்டிகளிலும் பிள்ளைகளின் புத்தகங்களிலும் அவற்றின் நகல்களை நாம் கண்டிருக்கிறோம். புருவம் நெரிய, விழிகள் பிதுங்க, இடையில் இரு வாள் செருகி நிற்கும் ஒருவனைக் கண்டதுமே, 'இவன் சாமுராய்' என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால், அத்தகைய படங்களில் பலவற்றில் நிற்பவன் சாமுராய் அல்லன். சாமுராய் வேடம் புனைந்த நாடக நடிகன். நடிகனைக் காட்டாத படங்களிலும் மேடையில் பழகிய நிற்பும் நோக்குமே மிகுதியாகக் காணப்படுகின்றன. இது கலைவரலாற்றில் ஒரு சிறு திருத்தம் போலத் தோன்றலாம். எனினும், ஒரு மக்கட் கூட்டம் தன் வீரர்களை எவ்வாறு நினைவில் வைக்கிறது என்ற கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. பசுமலையில் இருந்து எழுதும் நமக்கு அக்கேள்வி தொலைவானதன்று. இங்கிருந்து சில மைல் தூரத்தில், மதுரையின் மேற்கே சம்மட்டிபுரத்தில் அடங்கியிருக்கும் ஒருவரைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. முதலில் ஜப்பானைப் பார்த்துவிட்டு அவரிடம் வருவோம்.

1603-இல் தோக்குகவா குடும்பத்தார் ஆட்சிக்கு வந்தனர். 1868 வரை அவர்கள் ஆட்சி நீடித்தது. 1638-க்குப் பிறகு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நாட்டில் பெரும்போர் என்று ஒன்று நிகழவில்லை. போரில்லாத காலத்தில் போர்வீரன் என்ன செய்வான்? நெல்லளவாகக் கணக்கிட்ட சம்பளத்தை வாங்கிக்கொண்டு, அலுவலகத்தில் அமர்ந்து கணக்கு எழுதினான், காவல் முறை பார்த்தான், கடன் வாங்கினான். அவனுக்குக் கடன் கொடுத்தவன் எடோ நகரத்து வணிகன். இன்றைய டோக்கியோவே அன்றைய எடோ. வணிகனிடம் பணம் இருந்தது. இரட்டை வாள் அணியும் உரிமை இல்லை. அந்த நகரத்து மக்கள் தம் பொழுதுபோக்காக வளர்த்துக்கொண்டவை இரண்டு: காபுகி நாடகம் ஒன்று, மலிவு விலை அச்சுப்படம் மற்றொன்று. வாளைத் தொட இயலாதவர்கள் காசு கொடுத்து வாங்கிய வாள் வீரமே இன்று உலகம் முழுவதும் சாமுராய் வீரம் என்று போற்றப்படுகிறது!

அச்சுப்படம் ஒருவர் கைவேலையன்று. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து தருவார். அத்தாளைச் சேரி மரப் பலகையின்மீது கவிழ்த்து ஒட்டி, செதுக்குவோர் கோடுகளை மட்டும் நிறுத்தி மற்றதைக் குடைந்தெடுப்பார். பிறகு ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பலகை. அச்சிடுவோர் பலகையில் சாயம் பூசி, அதன்மேல் தாளை வைத்து, கையடக்கமான ஒரு திண்டால் தேய்த்து எடுப்பார். இவ்வாறு பல வண்ணப் படங்கள் அச்சாகத் தொடங்கியது 1765-இல். முதல் போடுபவர் பதிப்பாளர். எந்தப் படம் விற்கும் என்று முடிவு செய்பவரும் அவரே. நாடகம் எங்கே கூட்டம் சேர்க்கிறதோ அங்கே அவர் கண் இருந்தது. ஒரு நடிகர் புதிய வேடத்தில் பெயர் பெற்றால், அவர் படம் விரைவிலேயே கடைக்கு வந்துவிடும். நம் நாட்டில் திரைப்பட நடிகரின் படம் சிவகாசி நாட்காட்டியில் ஏறிய கதைக்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியில்லை.

அரசாங்கம் இவற்றைச் சும்மா விட்டுவைக்கவில்லை. 1701-இல் அசானோ என்ற பிரபு எடோ கோட்டைக்குள் வாளை உருவிய குற்றத்துக்காகத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும்படி ஆணையிடப்பட்டார். அவருடைய பணியாளர் நாற்பத்தேழு பேர் காத்திருந்து, 1703-இன் தொடக்கத்தில் தலைவரின் பகைவரைக் கொன்று பழி தீர்த்தனர். நாடெங்கும் பேசப்பட்ட இச்செய்தியை உள்ளபடியே மேடையேற்ற முடியாது. ஆளும் வகுப்பாரின் அண்மைக்கால நிகழ்ச்சிகளை நாடகமாக்கத் தடை இருந்தது. ஆகவே, 1748-இல் ஒசாகா நகரில் பொம்மலாட்டமாக அரங்கேறிய 'சூஷிங்குரா' நாடகத்தின் ஆசிரியர்கள் கதையைப் பதினான்காம் நூற்றாண்டுக்குத் தள்ளிவிட்டனர்; பெயர்களையும் மாற்றினர். பார்த்த மக்களுக்கு உண்மை தெரியும், அதிகாரிகளுக்கும் தெரியும். படங்களுக்கும் இதே நிலைதான். பழைய ஆட்சித் தலைவர் ஹிதேயோஷியை வரைந்த குற்றத்துக்காக 1804-இல் உதமாரோ என்ற பெரும் ஓவியர் ஐம்பது நாள் கைவிலங்கு பூண்டிருந்தார்.

இந்தத் தந்திரம் நம் நாடகக்காரர்களுக்கும் தெரியாததன்று. விடுதலைப் போராட்டக் காலத்தில் வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்' தடைக்குள்ளானபோது, டி.கே.எஸ். சகோதரர்கள் அதனைத் 'தேசபக்தி' என்று பெயர் மாற்றி நடித்தனர். பாணபுரம் எந்த நாட்டில் இருக்கிறது என்று கொட்டகையில் எவரும் கேட்கவில்லை.

இனி, முகத்தைப் பற்றிய செய்திக்கு வருவோம். காபுகி மேடையில் வீர வேடம் பூண்ட நடிகர், உணர்ச்சி உச்சத்தை அடையும் தருணத்தில் அசைவற்று நின்றுவிடுவார். கட்டைகள் 'பட், பட்' என்று அறையப்படும். தலையை ஒரு சுழற்று சுழற்றி, ஒரு விழியை உள்நோக்கித் திருப்பி, கை கால் விரல்கள் விறைக்க நிற்பார். இதற்கு 'மியே' என்று பெயர். கொட்டகை முழுவதும் அவருடைய பரம்பரைப் பெயரைச் சொல்லிக் கூவும். அச்சுப்படம் பிடித்துக்கொண்டது இந்தத் தருணத்தைத்தான். போர்க்களத்தில் எந்த வீரனும் இவ்வாறு நிற்கமாட்டான். நின்றால் அடுத்த நொடியில் தலை இராது. ஆனால், படத்தை வாங்கிச் சுவரில் ஒட்டியவனின் பேரனுக்கு வீரன் என்றால் இவ்வாறு நிற்பவன்தான்.

துணிச்சாயம் தோய்ப்பவரின் மகனாகப் பிறந்த குனியோஷி (1798–1861) இக்கலையில் தலைசிறந்தவர் என்று பலரும் போற்றுவர். 1827 முதல் அவர் வெளியிட்ட சீனக் கொள்ளை வீரர்களின் படவரிசை அவருக்கு 'வீரப்பட குனியோஷி' என்ற பெயரையே தேடித் தந்தது. உடலெங்கும் பச்சை குத்திய அந்த மல்லர்களைப் பார்க்கும்போது கை தேர்ந்ததுதான் என்று நாமும் வியக்கிறோம். ஆயினும், பத்துப் படங்களைத் தொடர்ந்து பார்த்தபின் ஓர் அயர்வு உண்டாகிறது. அத்தனை பேரும் ஒரே ஆள். எவனுக்கும் பயமில்லை, எவனுக்கும் தாய் இல்லை. அவருக்கு ஒரு தலைமுறை முன்னர், 1794–95-இல் பத்தே மாதங்கள் வரைந்துவிட்டு மறைந்த ஷராகுவின் நடிகர் படங்கள் வேறு வகை. வேடத்துக்குள் இருக்கும் வயதான மனிதனை, அவன் தொங்கும் கன்னத்தை, சின்னக் கண்ணை அவர் மறைக்காமல் வரைந்தார். நடிகர்களின் அன்பர்களுக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்வர். பிடிக்காததில் வியப்பொன்றும் இல்லை.

நடிகனின் முகம் வீரனின் முகமாகிவிடும் விந்தையை நம் தமிழகமும் கண்டிருக்கிறது. கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் இன்று எவர் முகத்தோடு நம் நினைவில் நிற்கிறார்? 1957-இல் மேடையிலும் 1959-இல் திரையிலும் அவ்வேடத்தைப் புனைந்த சிவாஜி கணேசனின் முகத்தோடுதானே! கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குச் சிலை எழுப்பியவரும் அந்நடிகரே. அந்நடிகரின் 'சிவாஜி' என்ற பெயரோ, அவர் முன்னர் ஏற்ற மராட்டிய வீரர் வேடத்தால் வந்தது. வீரனிடமிருந்து நடிகன் பெயரை வாங்கிக்கொள்கிறான். நடிகனிடமிருந்து வேறொரு வீரன் முகத்தை வாங்கிக்கொள்கிறான். மதுரைப் பெயரோடு விளங்கிய தேவி பால வினோத சங்கீத சபாவை நடத்திய ராஜமாணிக்கமும் அப்படியே. இராமதாசர் நாடகத்தில் நவாபாக நடித்துப் புகழ் பெற்றதால், வாழ்நாள் முழுவதும் அவர் 'நவாப்' ராஜமாணிக்கம் ஆனார். தமிழ் நாடகக் கொட்டகையில் நவாப் என்றால் எப்படி இருப்பார், எப்படி நடப்பார், எந்தத் தலைப்பாகை அணிவார் என்பதையெல்லாம் ஒரு தலைமுறைக்குக் கற்பித்தவை இத்தகைய வேடங்களே. நம் சமுதாயத்தார் இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. வேடம் கண்ணியமாகவே புனையப்பட்டது. ஆனால், அது வேடம் என்பதை மறக்கலாகாது.

ஜப்பானிய வீரன் தொடக்கத்திலிருந்தே கண்ணுக்குரியவனாக இருந்தானா? இல்லை. 1185-இல் கடற்போரில் அழிந்துபோன ஹெய்கே குலத்தாரின் வரலாற்றை ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர்கள் பார்வையற்ற பாணர்கள். 'பிவா' என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டிக்கொண்டு அவர்கள் பாடினர். பாடியவருக்கும் முகம் தெரியாது. கேட்டவருக்கும் முகம் தேவைப்படவில்லை. அப்பாடலில் வரும் ஒரு நிகழ்ச்சியை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். மூன்று கலைகளில் அது மூன்று விதமாக மாறியிருக்கிறது.

1184-ஆம் ஆண்டுப் போரில், ஹெய்கே படை தோற்றுக் கடலை நோக்கி ஓடுகிறது. குமகாய் என்ற முரட்டு வீரன் கரையில் ஒருவனை மடக்கி வீழ்த்தித் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். பார்த்தால் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை. குமகாயின் மகனுக்கும் அதே வயது. விட்டுவிடலாம் என்று நினைக்கிறான். பின்னால் திரும்பிப் பார்த்தால் தன் படையினர் குதிரையில் வந்துகொண்டிருக்கின்றனர். தான் விட்டாலும் அவர்கள் விடமாட்டார்கள். அழுதுகொண்டே கொல்கிறான். இறந்தவனின் உடையில் ஒரு புல்லாங்குழல் கிடைக்கிறது. அட்சுமோரி என்பது அந்தப் பிள்ளையின் பெயர். குமகாய் பின்னர் துறவியாகிவிடுகிறான். பாடல் சொல்வது இவ்வளவே.

இதைச் செயாமி (1363–1443) 'நோ' நாடகமாக்கினார். முகமூடி அணிந்து, மிக மெல்ல நடந்து ஆடும் நாடகம் அது. அதில் அட்சுமோரியின் ஆவி வருகிறது. துறவியாகிவிட்ட குமகாயைச் சந்திக்கிறது. பகையை மறந்து பிரார்த்தனையை வேண்டிப் போகிறது. இந்த 'நோ' நாடகத்தை ஆதரித்தவர்கள் யார் தெரியுமா? வாளேந்திய சாமுராய் வகுப்பாரே! வென்றவர்கள் அமர்ந்து, தோற்றவனின் புலம்பலைக் கேட்டனர். 1751-இல் நகரத்து மக்களுக்காக எழுந்த நாடகத்திலோ, குமகாய் தன் தலைவனின் குறிப்பறிந்து, அட்சுமோரிக்குப் பதிலாகத் தன் மகனையே கொன்று, அந்தத் தலையைக் கொண்டுவந்து வைக்கிறான். தாய் அலறுகிறாள். குமகாய் அறிவிப்புப் பலகையை ஊன்றி நின்று 'மியே' காட்டுகிறான். கொட்டகை ஆரவாரிக்கிறது. படக்காரர்கள் பலகையோடு நிற்கும் அந்த நிலையை மீண்டும் மீண்டும் அச்சிட்டனர்.

நாடகத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மகனைப் பலியிட்ட தந்தை மொட்டைத் தலையோடு தனியே நடந்து போகும் இறுதிக் காட்சி எவரையும் உலுக்கும். ஆனால், அச்சுப்படத்தில் அந்த நடை இல்லை, பலகைதான் இருக்கிறது. செவியில் இருந்தபோது அது ஒரு மனிதனின் அழுகை. கண்ணுக்கு வந்தபோது அது ஒரு நிற்பு.

நம் சமுதாயத்தின் மரபு செவி மரபு. உருவப்படத்தில் நாம் காட்டிய தயக்கம் அனைவரும் அறிந்ததே. முஸ்லிம் உலகம் முழுவதும் அப்படி இருந்ததென்று கூறவில்லை. அமீர் ஹம்ஸாவின் வீரக்கதையை அக்பர் ஏறத்தாழ 1,400 ஓவியங்களாக வரைவித்தார். தமிழகத்தில் வீரத்தைப் பாடியவை படைப்போர் நூல்கள். அசன் அலிப் புலவரின் 'ஐந்து படைப்போர்' போன்றவற்றை ஒருவர் இராகத்தோடு படிக்க, வீட்டாரும் அண்டை வீட்டாரும் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் நம் பாட்டிமார் காலம் வரை இருந்தது. அவற்றில் வரும் குதிரைக்கும் வாளுக்கும் எவரும் படம் போட்டுக் காட்டவில்லை. கேட்ட ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஒரு குதிரையைச் செய்துகொண்டது. இலக்கிய நயத்தில் படைப்போர்கள் அனைத்தும் உயர்ந்தவை என்று நாம் வாதாட வரவில்லை. சிலவற்றில் கற்பனை கரை புரண்டு ஓடுகிறது. வரலாற்று நூலாக அவற்றைப் படிப்பவர் ஏமாறுவர்.

தமிழ்ப் பொதுமக்கள் பாடிய தேசிங்குராஜன் கதையிலும் ஒரு முஸ்லிம் வீரனைச் சந்திக்கிறோம். 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து மடிந்த செஞ்சித் தேசிங்கின் நண்பன் மகபத்கான். கதைப்பாடலில் அவன் தன் நிக்காஹ் நாளன்று நண்பனின் அழைப்பைக் கேட்டு, மணக்கோலத்தோடு களத்துக்குப் புறப்படுகிறான். நவாபும் முஸ்லிம்; அவனும் முஸ்லிம். பாட்டுக்கு நட்பே பெரிது. பெரிய எழுத்துப் புத்தகங்களின் வழியாகச் சிற்றூர் வீடுகள்வரை சென்ற கதை இது. திரைப்படமும் 1960-இல் வந்தது. அதில் எம்.ஜி.ஆர். தேசிங்காகவும் தாவூத்கானாகவும் இரு வேடம் ஏற்றார். வேடம் இரண்டானாலும் முகம் ஒன்றுதான்!

இனி நம் சம்மட்டிபுரத்தாரிடம் வருவோம். கம்மந்தான் கான்சாகிபு என்று மக்கள் அழைத்த முகம்மது யூசுப்கான், இராமநாதபுரம் சீமையின் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, கும்பெனிப் படையில் சிப்பாய்களின் தலைவராக உயர்ந்தவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆர்க்காட்டிலும் திருச்சியிலும் ஆங்கிலேயர் பெற்ற வெற்றிகளில் அவர் பங்கு பெரிது. 1759 முதல் மதுரையையும் திருநெல்வேலியையும் நிர்வகித்தார். 1761-இல் பூலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்தவர் அவர். கள்ளர் நாட்டில் அவர் கை கடுமையாக விழுந்தது. பின்னர் நவாபோடும் கும்பெனியோடும் பிணங்கி, 1763-இல் மதுரைக் கோட்டையில் தனித்து நின்றார். அவ்வாண்டு முற்றுகை தோற்றது. 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலையும் முறியடித்தார். அவ்வாண்டு அக்டோபரில் பிரெஞ்சுத் தளபதி மார்ச்சாண்டும் சொந்த ஆட்களும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கொடுத்தனர். தொழுகையில் இருந்தபோது பிடிபட்டார் என்பது மரபு. அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். உடலைத் துண்டித்துப் பல ஊர்களுக்கு அனுப்பினர் என்றும் மக்கள் சொல்வர்.

அவர் காத்து நின்ற கோட்டை மதில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு, அவ்விடம் இன்று வெளிவீதிகளாகக் கிடக்கிறது. மதுரையில் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது; வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் இருக்கிறது. கான்சாகிபு என்ற பெயர் மக்கள் வாயில் தேய்ந்து 'கான்சா' ஆகிவிட்டது. ஆனால், அவர் முகம் இதுதான் என்று தமிழர் நெஞ்சில் பதிந்த படம் ஒன்றில்லை. நாடகக் கம்பெனிகளின் தாய்வீடாகிய மதுரையில், சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் பால சபா நிறுவிய அதே மதுரையில், கட்டபொம்மனுக்குக் கிடைத்த மேடை கான்சாகிபுக்குக் கிடைக்கவில்லை. 1997-இல் கமல்ஹாசன் 'மருதநாயகம்' என்ற பெயரில் தொடங்கிய திரைப்படம், இங்கிலாந்து அரசியே தொடக்க விழாவுக்கு வந்தும் முடிவுறாமல் நின்றுவிட்டது.

இது நமக்கு நேர்ந்த இழப்பு என்று நண்பர்கள் பலர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் நாம் முழுமையாகப் பங்குகொள்ள இயலவில்லை. படம் ஒரு தருணத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கான்சாகிபின் வாழ்விலிருந்து எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? ஐயமின்றி, தொழுகை விரிப்பில் கயிற்றால் கட்டப்படும் காட்சியை. அல்லது கோட்டைக் கொத்தளத்தின்மேல் வாளோடு நிற்கும் நிற்பை. பூலித்தேவரின் கோட்டைமுன் நின்ற கான்சாகிபு அப்படத்தில் இருக்கமாட்டார். கும்பெனிக்காக வரி தண்டியவரும் இருக்கமாட்டார். அவரைத் தியாகியாக மட்டும் காண விரும்புவோருக்கு அது வசதி. துரோகியாக மட்டும் காண விரும்புவோர் வேறொரு படத்தைப் போட்டுக்கொள்வர். இரண்டு படங்களும் சுவரில் எதிரெதிரே தொங்கும். ஒரே மனிதர் இரண்டையும் செய்தார் என்ற செய்தி எங்கே தொங்கும்?

படக்கலையால் அது இயலவே இயலாது என்று சொல்லிவிடவும் முடியாது. குனியோஷியின் மாணவர் யோஷிடோஷி (1839–1892), 1868-இல் எடோ நகரின் உயேனோ குன்றில் நிகழ்ந்த போரைக் கண்டபின் ஒரு படவரிசை வெளியிட்டார். பெயர்கள் எல்லாம் பழங்கால வீரர்களின் பெயர்கள். தடைக்கு அஞ்சிய பழைய தந்திரமே. முகங்களோ அன்று தோற்று மடிந்தவர்களின் முகங்கள். குருதி வழிய, வாய் உலர, வெறித்த கண்ணோடு சுவரில் சாய்ந்திருக்கின்றனர். எவனும் 'மியே' காட்டவில்லை. ஆசிரியர் நாற்பது ஆண்டு வரைந்து காட்டாத அச்சத்தை மாணவர் ஒரு படவரிசையில் காட்டிவிட்டார். ஆனால், அதற்கு அவர் போரை நேரில் பார்க்க வேண்டியிருந்தது.

கான்சாகிபை நேரில் பார்த்தவர் காலத்துக்கு அணித்தாய் நிற்கும் தமிழ்ச் சான்று ஒன்று நம்மிடம் உண்டு. 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. ஹில் என்ற ஆங்கிலேயர் 1914-இல் எழுதிய வரலாற்று நூலை மேற்கோள் காட்டுவோர் பலர். இப்பாடலைப் புரட்டியவர் சிலரே. அதன் பெயரையே பாருங்கள். அது 'சரித்திரம்' அன்று, 'மாலை' அன்று, 'சண்டை'. சண்டை என்றால் இரு பக்கம் உண்டு. பாடியவன் எந்தப் பக்கம் நின்றான், எந்த இடத்தில் அவன் குரல் தளர்கிறது என்பவற்றை அச்செழுத்தில் கண்ணை ஓட்டி மட்டும் அறிய முடியாது. வாய்விட்டுப் படிக்க வேண்டும். படைப்போர் படித்துப் பழகிய குரல்கள் நம் வீடுகளில் இன்னும் ஒன்றிரண்டு இருக்கின்றன. அக்குரல்கள் அடங்குவதற்குள், ஒரு வெள்ளிக்கிழமை இரவிலாவது இப்பாடலை அவர்கள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.